அந்துப்பூச்சி ஆர்க்கிட்: வீட்டில் வளர்த்துப் பூக்க வைப்பது எப்படி?

திருமணம், புதுமனை புகுவிழா போன்ற விசேஷங்களில் ஆர்க்கிட் பூச்செடியைத் தொட்டியோடு பரிசளிக்கும் வழக்கம் இப்பொழுது சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. வளைந்த தண்டில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பூக்கள். வெள்ளையாகவோ, ஊதா கலந்த சிவப்பாகவோ இருக்கும். இரண்டு மாதமானாலும் வாடாது. வீட்டுக்கு வருவோர் போவோரெல்லாம் நின்று பார்ப்பார்கள். பிறகு பூக்கள் ஒவ்வொன்றாக உதிரும். தண்டு காயும். அடுத்து இலைகள் துவளும். "இது நம் ஊருக்கு ஒத்து வராது" என்று சொல்லிச் செடியைக் குப்பைக் குழியில் போட்டுவிடுவார்கள். நூற்றுக்கணக்கில் விலை பெறும் செடி ஒரே பூப்போடு போய்விடுகிறது.

உண்மையில் இச்செடி ஒருமுறை பூத்துச் சாகும் செடி அல்ல. முறையாகக் கவனித்தால் பல ஆண்டுகள் உயிரோடிருந்து ஆண்டுதோறும் பூக்கக் கூடியது. விவசாயி வீட்டில் அது சாவதற்குக் காரணம் கவனக் குறைவு அன்று. பெரும்பாலும் அளவுக்கு மீறிய கவனிப்பே. நெல்லுக்கும் வாழைக்கும் செய்கிற பணிவிடையை இதற்கும் செய்வதால்தான் கெடுகிறது. இச்செடி காட்டில் எப்படி வாழ்கிறது என்பதைத் தெரிந்து கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

மரத்தில் வாழும் செடி

இச்செடியின் தாவரப் பெயர் ஃபெலனாப்சிஸ். கிரேக்க மொழியில் அந்துப்பூச்சியைப் போன்றது என்று பொருள். இரவில் விளக்குப் பொறியில் வந்து விழும் அந்துப்பூச்சி சிறகை விரித்து உட்கார்ந்திருப்பது போலவே பூ இருக்கும். 1825ஆம் ஆண்டு ப்ளூமே என்ற தாவரவியல் அறிஞர் இப்பெயரைச் சூட்டினார். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் முதலிய வெப்ப மண்டலக் காடுகளே இதன் முக்கியத் தாயகம். வெள்ளைப் பூப் பூக்கும் ஓர் இனத்தை இந்தோனேசியா 1993இல் தன் தேசிய மலர்களுள் ஒன்றாக அறிவித்தது. நம் நாட்டில் வடகிழக்கு மாநிலங்களிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இக்குடும்பத்தின் சிறு பூ இனங்கள் உண்டு. கடைகளில் கிடைப்பவையோ பல இனங்களைக் கலந்து உண்டாக்கிய ஒட்டு ரகங்கள்.

காட்டில் இது மண்ணில் வளர்வதில்லை. பெரிய மரங்களின் கிளைகளில், பட்டையைப் பற்றிக் கொண்டு தொங்குகிறது. மாமரத்தில் புல்லுருவியைக் கண்ட விவசாயிகள் இதையும் அப்படி நினைக்கலாம். அது தவறு. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி. ஆர்க்கிட் மரத்தை இடமாக மட்டுமே பயன்படுத்திக் கொள்கிறது. மழைநீரும், பனியும், காற்று ஈரமும், பட்டையில் மக்கிய இலைச் சருகின் சத்துமே அதற்கு உணவு. இத்தகையவற்றைத் தொற்றுத் தாவரங்கள் என்பர்.

மரத்தின் மேல் மழை பெய்தால் சிறிது நேரத்தில் வடிந்துவிடும். காற்று பட்டதும் வேர் உலர்ந்துவிடும். ஆகவே இச்செடியின் வேருக்கு ஒரு தனி அமைப்பு உண்டு. வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்மையான உறை ஒன்று இருக்கிறது. மழை பட்டவுடன் அது நீரை உறிஞ்சிப் பச்சை நிறமாகும். உலர்ந்ததும் மீண்டும் வெள்ளி நிறமாகும். இந்த வேர் நனைய வேண்டும். பின் உலரவும் வேண்டும். நீரில் ஊறிக் கிடந்தால் மூச்சு விட முடியாமல் அழுகும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. மற்ற பயிர்கள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்ளும். இச்செடியோ அன்னாசியையும் கற்றாழையையும் போல இரவில் திறந்து வாங்கிச் சேமித்து வைத்துப் பகலில் பயன்படுத்தும். இதனால் நீர்ச் செலவு மிகக் குறைவு. தடித்த இலைகளிலும் நீர் சேர்ந்திருக்கும். ஆகவே ஒரு வாரம் நீர் இல்லாமற் போனாலும் செடி சாகாது. ஒரு வாரம் நீரில் நின்றால் வேர் போய்விடும்.

முதல் வேலை: தொட்டியைப் பார்த்தல்

செடி வீட்டுக்கு வந்தவுடன் வெளித் தொட்டியைப் பார்க்க வேண்டும். பரிசுச் செடிகள் பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கும். அதை அழகுக்காகப் பீங்கான் அல்லது கண்ணாடித் தொட்டிக்குள் இறக்கி வைத்திருப்பார்கள். அந்த வெளித் தொட்டிக்கு அடியில் ஓட்டை இராது. ஊற்றும் நீர் அதில் தேங்கி நிற்கும். மேலே பார்த்தால் தெரியாது. வீடுகளில் சாகும் செடிகளில் பல இந்த மறைவான குட்டையிலேயே சாகின்றன. வெளித் தொட்டியை எடுத்துவிட வேண்டும். அழகு வேண்டுமென்றால் நீர் ஊற்றி முழுவதும் வடிந்த பிறகு திரும்ப அதில் வைக்கலாம்.

அடுத்து, உள்ளே என்ன நிரப்பியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பல செடிகள் ஸ்பேக்னம் என்ற பாசியில் இறுக்கமாகப் பொதியப்பட்டு வரும். மேற்பாசி காய்ந்திருந்தாலும் நடுப்பகுதி நெடுநாள் ஈரமாகவே இருக்கும். பூ இருக்கும்போது இதைக் கலைக்க வேண்டாம். பூ முடிந்ததும் மாற்றி நட்டுவிட வேண்டும்.

வளர் ஊடகம்

தோட்டத்து மண், வண்டல், செம்மண், தொழுவுரம் இவற்றில் எதையும் இச்செடிக்கு இடக் கூடாது. மண்ணிலிட்டால் வேருக்குக் காற்றுப் போகாது. தொழுவுரம் இட்டால் ஊடகத்தின் இடைவெளிகள் அடைபடும். புழுவும் பூஞ்சணமும் சேரும். மரப் பட்டையில் இருக்கும் நிலையைத் தொட்டியில் உண்டாக்குவதே நோக்கம்.

அதற்கு வேண்டிய பொருள்கள் விவசாயி வீட்டில் கிடைப்பவையே. அடுப்புக் கரி இரண்டு பங்கு, உடைத்த செங்கல் ஒரு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு. எல்லாம் சுமார் 2 செ.மீ. அளவுள்ள துண்டுகளாக இருக்க வேண்டும். கரித்தூள், செங்கல் தூள், சாம்பல் இவற்றைச் சலித்து நீக்கிவிட வேண்டும். காற்று வறண்ட உள் மாவட்டங்களில் மட்டையைச் சிறிது கூட்டலாம். மழை மிகுந்த மலைப் பகுதிகளில் கரியைக் கூட்டலாம்.

மட்டையை அப்படியே போடக் கூடாது. அதில் இயற்கையாகவே உப்பு இருக்கும். கடலோரத் தோப்புகளின் மட்டையில் இன்னும் மிகுதி. நறுக்கிய துண்டுகளை நல்ல நீரில் 3 நாள் ஊற வைத்து, நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். கடைசி நீர் ஏறக்குறைய நிறமில்லாமல் இருந்தால் போதும். செங்கல் துண்டுகளையும் கரியையும் ஓர் இரவு ஊற வைத்துக் கழுவிக் கொள்ளலாம்.

தொட்டி பெரியதாக இருந்தால் செடி நன்றாக வரும் என்பது தவறான எண்ணம். பெரிய தொட்டியின் நடுப்பகுதி உலராது. வேர்க் கட்டு அடங்கும் அளவே போதும். பக்கங்களிலும் ஓட்டை உள்ள மண் தொட்டி சமவெளிக்கு ஏற்றது. சில வேர்கள் தொட்டிக்கு வெளியே காற்றில் நீட்டி நிற்கும். அதுவே இச்செடியின் இயல்பு. அவற்றை வெட்டவோ உள்ளே திணிக்கவோ கூடாது.

மாற்றி நடுதல்

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பூ முடிந்த பிறகு, புது வேர் கிளம்பும் சமயத்தில் மாற்றி நட வேண்டும். ஆனி, ஆடி மாதங்கள் பொருத்தமானவை. செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பழைய ஊடகத்தை உதிர்த்து, வேர்களை நீரில் அலச வேண்டும். ஒவ்வொரு வேரையும் விரலால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் நல்ல வேர். நீர் பிதுங்கினாலும், உறை உருவிக் கொண்டு உள்ளே நூல் மட்டும் நின்றாலும் அது செத்த வேர், வெட்டிவிடலாம். கத்தியைத் தீயில் காட்டி ஆற வைத்தே வெட்ட வேண்டும். ஆர்க்கிட்டைத் தாக்கும் நச்சுயிரி நோய்கள் கத்தியின் மூலமாகவே ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுகின்றன. அவற்றுக்கு மருந்து கிடையாது.

செடியைத் தொட்டியின் நடுவில் பிடித்துச் சுற்றிலும் துண்டுகளை இட்டுத் தட்டி நிரப்ப வேண்டும். இலைகள் தொடங்கும் அடிப்பகுதி ஊடகத்துக்கு மேலேயே இருக்க வேண்டும்; புதைந்தால் அழுகும். செடி ஆடாமல் நிற்க ஒரு குச்சி நட்டுக் கட்டலாம். வெட்டுக் காயம் ஆறுவதற்காக 3, 4 நாள் நீர் ஊற்றாமல் நிழலில் வைத்து, பிறகு வழக்கம் போல் நீர் விடலாம்.

ஒளி

காட்டில் இது மர நிழலில் வாழ்கிறது. முழு வெயிலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒளி இதற்குப் போதும். நேரடி வெயில் பட்டால் இலையில் வெளிறிய திட்டு விழுந்து கருகிவிடும். அதற்காக இருட்டறையில் வைத்தாலும் பூக்காது. கிழக்குப் பார்த்த ஜன்னல் மிக நல்லது. காலை இளவெயில் ஒரு மணி நேரம் பட்டால் தீங்கில்லை. வடக்குத் திண்ணையும் ஆகும். மேற்கு வெயில் ஆகாது. வெளியில் வைப்பதானால் அடர்ந்த மாமரத்தின் அடியில், அல்லது நிழல்வலையோடு மர நிழலும் சேர்ந்த இடத்தில் தொங்க விடலாம். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்தால் உணரும் நிழலும் ஈரக் காற்றும் இச்செடிக்குப் பிடித்தமானவை.

இடம் சரியா என்பதை அறிய எளிய வழி உண்டு. நண்பகலில் செடிக்கு மேல் ஒரு அடி உயரத்தில் கையை நீட்ட வேண்டும். இலையில் கையின் நிழல் மங்கலாகத் தெரிந்தால் ஒளி சரியானது. நிழல் கூர்மையாக விழுந்தால் ஒளி அதிகம். நிழலே தெரியாவிட்டால் குறைவு. இலையின் நிறமும் சொல்லும். இளம்பச்சை நல்ல அறிகுறி. இலை கரும்பச்சையாகித் தொங்கினால் ஒளி போதவில்லை. பயிரில் கரும்பச்சையைக் கண்டால் மகிழும் விவசாயி இங்கே அதை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

நீர்

நாள் கணக்கு வைத்து நீர் ஊற்றக் கூடாது. வேரையும் தொட்டியின் எடையையும் பார்த்தே ஊற்ற வேண்டும். வேர் பச்சையாக இருக்கும் வரை நீர் வேண்டாம். வெள்ளி நிறமானதும் ஊற்றலாம். நீர் ஊற்றிய உடனும், இரண்டு நாள் கழித்தும் தொட்டியைத் தூக்கிப் பார்த்துப் பழகினால் கைக்கே கணக்குத் தெரிந்துவிடும். மேலே சொன்ன கலவையில், கோடையில் 2 அல்லது 3 நாளுக்கு ஒருமுறையும், மழைக் காலத்தில் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறையும் தேவைப்படலாம். பாசியில் உள்ள செடிக்கு இதைவிடக் குறைவாகவே வேண்டும்.

ஊற்றும்போது சிறிது சிறிதாக ஊற்றாமல், தொட்டியின் அடியில் வழியும்படி தாராளமாக ஊற்றி முழுவதும் வடிய விட வேண்டும். காலை வேளையிலேயே ஊற்ற வேண்டும். இலைகள் கூடும் நடுக் குருத்தில் நீர் நின்றால் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இது மிக முக்கியம். தென்னைக்கு உள்ளது போல இச்செடிக்கும் ஒரே குருத்துதான். இரவெல்லாம் நீர் தேங்கிக் குருத்து அழுகினால் செடியைக் காப்பாற்றுவது கடினம். காட்டில் செடி மரத்தில் சாய்ந்து தொங்குவதால் நீர் தானே வடிந்துவிடும். வீட்டில் நிமிர்த்தி வைப்பதால் இத்தொல்லை வருகிறது. தொட்டியைச் சற்றுச் சாய்த்து வைப்பதும் நன்மை தரும்.

நீரின் தரமும் பார்க்கத் தக்கது. பல இடங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பாக இருக்கிறது. அந்நீரை ஊற்றினால் வேர் நுனி கருகும். தொட்டி ஓரத்தில் வெண்படிவம் படியும். மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரைச் சோதிக்கும்போது மின்கடத்தும் திறன் 0.5 டெசிசைமன் அளவுக்குள் இருந்தால் கவலையின்றி ஊற்றலாம். ஒன்றுக்கு மேல் போனால் தவிர்க்க வேண்டும். மழைநீர் இச்செடிக்கு மிக உகந்தது. 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மழைநீர் சேமிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரையிலிருந்து வரும் நீரில் இரண்டு குடம் மூடி வைத்தால் ஒரு செடிக்குப் பல வாரம் வரும்.

காற்று ஈரம்

காற்றில் 50 முதல் 80 சதம் ஈரம் இருப்பது நல்லது. கோடையில் உள் மாவட்டங்களில் இந்த ஈரம் இராது. அகலமான தட்டில் மணலோ கூழாங்கல்லோ பரப்பி நீர் ஊற்றி, அதன்மேல் ஒரு செங்கல் வைத்து, செங்கல்லின் மேல் தொட்டியை வைக்கலாம். தொட்டியின் அடி நீரைத் தொடக் கூடாது. பக்கத்தில் வேறு செடித் தொட்டிகளைக் கூட்டி வைப்பதும் உதவும். ஈரத்தோடு காற்றோட்டமும் வேண்டும். மூடிய அறையின் ஈரம் அழுகலைத்தான் வளர்க்கும்.

உரம்

மரக் கிளையில் கிடைக்கும் சத்து மிகச் சொற்பம். ஆகவே "சிறிதளவு, அடிக்கடி" என்பதே விதி. நீரில் கரையும் 19:19:19 கலப்பு உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து 15 நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். வேர் உலர்ந்திருக்கும்போது உரக் கரைசல் ஊற்றினால் வேர் கருகும். முதலில் வெறும் நீரால் நனைத்து, பிறகே உரநீர் ஊற்ற வேண்டும். மாதம் ஒருமுறை வெறும் நீரை நிறைய ஊற்றி, தேங்கிய உப்பைக் கழுவிவிட வேண்டும். செடி பூத்திருக்கும்போதும், கத்திரி வெயிலிலும், வேர் கெட்டுப் போன நிலையிலும் உரம் வேண்டாம். நோயுற்ற செடிக்கு உரமிட்டுத் தேற்ற நினைப்பது காய்ச்சல்காரனுக்கு விருந்து வைப்பது போல.

பூக்க வைக்கும் சூட்சுமம்

"செடி நன்றாக இருக்கிறது, இலை விடுகிறது, ஆனால் பூக்கவில்லை" என்பது பலருடைய குறை. காரணம் உரத்தில் இல்லை. வெப்ப நிலையில் இருக்கிறது. பகலில் 28 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் இச்செடி இலையும் வேரும் விடுமே தவிரப் பூந்தண்டு விடாது. 25 டிகிரிக்குக் குறைந்த குளிர்ச்சி சில வாரங்கள் தொடர்ந்து கிடைத்தால்தான் பூந்தண்டு கிளம்பும். வெளிநாடுகளில் வியாபாரத்துக்கு வளர்ப்போர் கண்ணாடி வீடுகளைக் குளிரூட்டி, வேண்டிய மாதத்தில் பூக்கச் செய்வது இந்தத் தன்மையைப் பயன்படுத்தியே.

நம் ஊரில் இயற்கையே இந்தக் குளிர்ச்சியைத் தரும் காலம் கார்த்திகைக் கடைசி முதல் தை வரை. ஏற்காடு, கொல்லிமலை போன்ற நடுத்தர உயர மலைகளிலும், ஓசூர்ப் பக்கத்திலும் இது எளிதாகக் கிடைக்கும். கோவை, தருமபுரி போன்ற இடங்களில் செடியைக் குளிர்ந்த காற்று படும் ஜன்னல் ஓரத்தில் வைத்தால் பெரும்பாலும் பலன் கிடைக்கும். கடலோர மாவட்டங்களில் இரவும் வெதுவெதுப்பாக இருப்பதால் பூந்தண்டு வருவது உறுதியில்லை. அங்கே வீட்டின் மிகக் குளிர்ந்த, ஆனால் வெளிச்சமுள்ள இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உதகை போன்ற உயர்ந்த இடங்களில் நிலைமை நேர்மாறு. உறைபனி இச்செடியைக் கொன்றுவிடும். குளிர் காலத்தில் வீட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும்.

பூந்தண்டு இலையின் அடியிலிருந்து கிளம்பும். தொடக்கத்தில் வேரா தண்டா என்று ஐயம் வரும். வேர் நுனி உருண்டையாகப் பளபளப்பாக இருக்கும். தண்டின் நுனி சற்றுத் தட்டையாக, மடித்த விரல் போல இருக்கும். தண்டு தெரிந்த பிறகு தொட்டியைத் திருப்பி வைக்கக் கூடாது. தண்டு ஒளியை நோக்கி வளரும். திருப்பினால் முறுக்கிக் கொள்ளும். குச்சி நட்டு இலேசாகக் கட்டி விடலாம். தண்டு வந்து ஏறக்குறைய 3 மாதத்தில் பூ விரியும்.

மொட்டு விரியாமலே மஞ்சளாகி உதிர்வதும் உண்டு. விவசாயி வீட்டில் இதற்கு இரண்டு காரணங்களைத் தேட வேண்டும். ஒன்று, பக்கத்தில் வாழைத் தாரோ மாங்காயோ பழுக்க வைத்திருப்பது. பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு மொட்டை உதிர்த்துவிடும். மற்றது விறகடுப்புப் புகை. அதிலும் அதே வாயு உண்டு. மொட்டுக் கட்டிய செடியைப் பழ அறைக்கும் சமையற்கட்டுக்கும் தொலைவில் வைக்க வேண்டும்.

பூ முடிந்த பிறகு, செடியில் நல்ல இலைகள் நான்கைந்து இருந்தால், தண்டின் அடியிலிருந்து மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டலாம். அந்தக் கணுவிலிருந்து கிளைத் தண்டு வந்து இரண்டாம் முறை பூக்க வாய்ப்புண்டு. செடி நலிந்திருந்தால் தண்டை அடியோடு வெட்டிவிட்டு, அடுத்த ஆண்டுக்குத் தேற விடுவதே நல்லது. சில சமயம் கணுவில் பூவுக்குப் பதில் குட்டிச் செடி ஒன்று முளைக்கும். அதில் இரண்டு மூன்று இலையும், விரல் நீள வேர்களும் வந்த பிறகு பிரித்துத் தனித் தொட்டியில் நடலாம்.

பூச்சியும் நோயும்

மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் இலையின் அடியிலும் இலைக் கக்கத்திலும் ஒளிந்திருக்கும். ஒன்றிரண்டு செடிக்கு மருந்து தெளிக்க வேண்டியதில்லை. சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுத்து, வாரம் ஒருமுறை மூன்று நான்கு தடவை செய்தால் போதும். மிகுதியானால் வேப்பெண்ணெய் 5 மி.லி.யைச் சிறிது சோப்புக் கரைசலோடு ஒரு லிட்டர் நீரில் கலந்து மாலையில் தெளிக்கலாம். முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்துப் பார்த்துக் கொள்வது நல்லது. குருத்தில் தேங்க விடக் கூடாது. வறண்ட கோடையில் இலை வெள்ளி பூத்தது போல் ஆனால் சிலந்திப் பேன் என்று கொண்டு, இலையின் இருபுறமும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். நத்தை வேர் நுனியையும் மொட்டையும் தின்னும். இரவில் விளக்கு வைத்துத் தேடிப் பொறுக்க வேண்டும்.

இலையில் நீர் கோத்தது போன்ற பழுப்புப் புள்ளி தோன்றி விரைவாகப் பரவினால் அது பாக்டீரியா அழுகல். அன்றே, நல்ல பகுதியில் ஒரு விரல் அகலம் சேர்த்து வெட்டி எடுத்து, வெட்டிய இடத்தில் சமையலுக்கு வைத்திருக்கும் பட்டையைத் தூளாக்கித் தடவலாம். அத்தூள் வேரில் படக் கூடாது, வேரை உலர்த்திவிடும். செடியைத் தனியே வைத்து, சில நாள் நீரை நிறுத்த வேண்டும். அடி இலை ஒன்று ஆண்டுக்கு ஒருமுறை மஞ்சளாகி உதிர்வது நோய் அன்று, மூப்பு.

இலைகள் சுருங்கித் துவண்டால் உடனே நீர் ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. வேர் அழுகியிருந்தாலும் இலை அப்படியே துவளும். முதலில் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்க வேண்டும். வேர் கெட்டியாக இருந்தால் நீர்க் குறைவு. அழுகியிருந்தால் நீர் மிகுதி. இந்த ஒரு சோதனையே பல செடிகளைக் காப்பாற்றும்.

மாதவாரியாகச் செய்ய வேண்டியவை

சித்திரை, வைகாசி: வெயிலிலிருந்து காத்தல், ஈரத் தட்டு வைத்தல், உரத்தை நிறுத்தல்.

ஆனி, ஆடி: பூத் தண்டை வெட்டுதல், மாற்றி நடுதல்.

ஆவணி, புரட்டாசி: வளர்ச்சிக் காலம். தவறாமல் உரநீர்.

ஐப்பசி, கார்த்திகை: மழையில் நனையாமல் காத்தல், நீரைக் குறைத்தல், காற்றோட்டம் தருதல்.

மார்கழி, தை: குளிர்ந்த ஜன்னல் ஓரத்தில் வைத்தல், பூந்தண்டைக் கவனித்துக் கட்டுதல்.

மாசி, பங்குனி: மொட்டைப் புகையிலிருந்தும் பழ வாயுவிலிருந்தும் காத்தல்.

இதை விற்பனைக்கு வளர்க்கலாமா?

ஒரு தொட்டி பூத்துவிட்டால் "அரை ஏக்கரில் போட்டால் என்ன?" என்ற எண்ணம் விவசாயிக்கு வருவது இயல்பே. இங்கே நிதானம் தேவை. ஆர்க்கிட் விதை தூசி போன்றது. ஒரு காயில் இலட்சக்கணக்கில் இருந்தாலும் விதைக்குள் சேமித்த உணவு கிடையாது. காட்டில் ஒருவகைப் பூஞ்சணம் உணவளித்தால்தான் முளைக்கும். சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சணம் இன்றியே முளைக்க வைக்கும் முறையை 1922இல் நட்சன் என்ற அமெரிக்க அறிஞர் வெளியிட்டார். இன்று கன்றுகள் ஆய்வுக்கூடக் குப்பிகளிலேயே உருவாகின்றன. குப்பியிலிருந்து எடுத்த கன்று பூப்பதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். அதுவரை செலவு மட்டுமே. பூக்க வைக்கக் குளிர்ச்சியும் வேண்டும். சமவெளியில் அக்குளிர்ச்சியை மின்சாரத்தால் உண்டாக்குவது சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகாது. தைவான், நெதர்லாந்து நாடுகளின் பெரும் பண்ணைகளோடு போட்டியும் போட வேண்டும்.

வனிலாவும் ஆர்க்கிட் குடும்பத்துக் கொடிதான். 2000ஆம் ஆண்டில் மடகாஸ்கரில் வீசிய புயலுக்குப் பின் அதன் விலை ஏறியதைக் கண்டு தென்னாட்டில் பலர் கடன் வாங்கி நட்டார்கள். 2004-2005இல் விலை சரிந்தபோது கொடி காய்க்கும் பருவத்தில் இருந்தது, வாங்குவார் இல்லை. அந்தப் பாடத்தை மறக்கலாகாது. கொய்மலருக்காக ஆர்க்கிட் வளர்க்க விரும்பும், ஈரக் காற்றுள்ள பகுதி விவசாயிகளுக்கு டென்ட்ரோபியம் என்ற இனம் அதிகம் பொருந்தும். அது வெப்பத்தைத் தாங்கும். அதற்கும் நிழல்வலைக் குடில், நல்ல நீர், அருகில் சந்தை மூன்றும் இருந்தால்தான் இறங்கலாம். கன்று விற்பவர் சொல்லும் வருமானக் கணக்கை மட்டும் நம்பாமல், பூவை வாங்கும் வியாபாரியிடம் முதலில் விலை கேட்டுக் கொள்ள வேண்டும்.

காட்டிலிருந்து ஆர்க்கிட்டைப் பறித்து வந்து வளர்ப்பதும் விற்பதும் வேண்டாம். காப்புக் காட்டில் அவ்வாறு செய்வது குற்றம். பறித்தவையும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. மலை விவசாயிகள் தங்கள் காப்பித் தோட்ட மரங்களில் உள்ள ஆர்க்கிட்டுகளை, மரத்துக்குக் கேடில்லை என்று அறிந்து, அப்படியே விட்டு வைக்கலாம். பலவகை ஆர்க்கிட்டுகளின் தேசியத் தொகுப்பு ஒன்று ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. ஐயம் இருந்தால் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ தோட்டக்கலை அலுவலரையோ அணுகலாம்.

பரிசாக வந்த செடி இப்போது பூ உதிர்ந்து மூலையில் கிடக்குமானால், அதை எறிவதற்கு முன் வெளித் தொட்டியை எடுத்து, வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். கெட்டியான வேர் இரண்டு மூன்று இருந்தாலும் போதும். கரியும் செங்கல்லும் மட்டையும் இட்ட தொட்டியில் நட்டுக் கிழக்கு ஜன்னலில் வைத்தால், அது மீண்டும் தழைத்து அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ பூக்க இடமுண்டு.